பழைய எஞ்சினும் மூன்று சாட்சிகளும்

ஹப்புத்தளையிலிருந்து பண்டாரவளை நோக்கி வளைந்து செல்லும் வீதியிலும், பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் மலைப்பாதையிலும் மொரிஸ் மைனர் என்னும் சிறிய கார் ஓடுவதை இன்றும் காணலாம். 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமான இவ்வண்டி, அலெக் இசிகோனிஸ் என்ற வடிவமைப்பாளரின் கைவண்ணமாகும். 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோவதற்குள் 16 இலட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் வெளிவந்தன. அவற்றிற் சில கடல் கடந்து ஊவாவின் தேயிலைத் தோட்டங்களையும் வந்தடைந்தன. துரைமாரும் வைத்தியர்களும் ஓட்டிய வண்டிகள், காலப்போக்கில் கைமாறி, எளிய குடும்பங்களின் சொத்தாயின.

அவ்வண்டிகள் இத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணம் பழைமை மீதுள்ள பற்று மட்டுமன்று. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 2020ஆம் ஆண்டில் மீண்டும் தடை வந்து, 2025இல் தான் நீங்கியது. புதியது கிடைக்காத காலத்தில் உள்ளதைப் பேணுவதைத் தவிர வேறு வழியேது? வண்டியின் உடலைத் தட்டி நேராக்கிவிடலாம். எஞ்சின் பழுதானாலோ வேறோர் எஞ்சினைத் தேட வேண்டும். ஏமாற்றம் காத்திருக்கும் இடமும் அதுவேயாகும்.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரை நேயர்கள் மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளலாம். மாதந்தோறும் மனைவியைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வதும், இடையிடையே வாடகைக்கு ஓடி நாலு காசு தேடித் தருவதும் அவருடைய மைனர் வண்டிதான். ஒருநாள் ஹல்துமுல்லையிலிருந்து பெரகலைக்கு ஏறும்போது நீர் கொதித்து, எஞ்சின் உடல் வெடித்துவிடுகிறது. சேமலாப நிதியில் எஞ்சியிருக்கும் பணத்தை எடுத்துக்கொண்டு அவர் தரகர் ஒருவரிடம் போகிறார்.

“ஐயா, இது 1098. ஒரு துரையின் வண்டியில் இருந்தது. ஒருநாளும் திறக்கவில்லை” என்கிறார் தரகர்.

“நல்லது தம்பி. எஞ்சின் என்ன சொல்கிறதென்று முதலில் பார்ப்போம்” என்கிறார் பெரியவர்.

இந்த மறுமொழியில் பெரும் விவேகம் அடங்கியிருக்கிறது. பழைய எஞ்சினுக்கு மூன்று சாட்சிகள் உண்டு. இலக்கத் தகடு ஒன்று, உலோகம் ஒன்று, பதிவுச் சான்றிதழ் ஒன்று. மூன்றும் ஒருமுகமாகப் பேசினாலன்றிப் பணத்தை எண்ணிக் கொடுத்தல் ஆகாது.

முதற் சாட்சியை விசாரிப்போம். மைனர் வண்டிக்கு அதன் வாழ்நாளில் நான்கு அளவான எஞ்சின்கள் பொருத்தப்பட்டன. முதலில் வந்தது 918 கன சென்ரிமீற்றர் கொண்டது. அதன் வால்வுகள் பக்கவாட்டில் அமைந்தவை. தலைப்பகுதி தட்டையாக இருப்பதால் பார்த்த மாத்திரத்தில் அடையாளங் காணலாம். 1952 முதல் 803 அளவுள்ள எஞ்சினும், 1956 முதல் 948 அளவுள்ள எஞ்சினும், 1962 முதல் 1098 அளவுள்ள எஞ்சினும் வந்தன. இம்மூன்றிலும் வால்வுகள் மேலே இருப்பதால் வெளித்தோற்றத்தில் இவை உடன்பிறப்புகள் போலவே காணப்படும்.

இவற்றைப் பிரித்தறிய, எஞ்சின் உடலின் வலப்பக்கத்தில், டைனமோவைத் தாங்கும் பகுதிக்கு மேலே பதிக்கப்பட்ட சிறு தகட்டைப் பார்க்க வேண்டும். இலக்கம் ‘ஏபிஎச்எம்’ என்று தொடங்கினால் 803. ‘9எம்’ என்று தொடங்கினால் 948. ‘10எம்ஏ’ என்று தொடங்கினால் 1098. பின்னால் வரும் ‘எச்’ என்ற எழுத்து உயர் அழுத்தத்தையும், ‘எல்’ என்ற எழுத்துத் தாழ் அழுத்தத்தையும் குறிக்கும். மலையேறும் வண்டிக்கு இந்த வேறுபாடு சிறிதன்று. 803 எஞ்சினின் வலு 30 குதிரைவலு. 948இன் வலு 37. 1098இன் வலு 48.

தரகர் காட்டிய எஞ்சினில் ‘10எம்ஏ’ என்றே இருக்கிறது. ஆயினும் பெரியவர் திருப்தியடையவில்லை. சுற்றியிருக்கும் இரும்பு கறுத்துக் கிடக்க, தகட்டைப் பிடித்திருக்கும் ஆணிகள் மட்டும் ஏன் மின்னுகின்றன? ஆணியால் பொருத்திய தகட்டைக் கழற்றி மற்றோர் எஞ்சினில் பொருத்துவது அரிய செயலன்று. எனவே இரண்டாம் சாட்சியாகிய உலோகத்தை அழைக்க வேண்டியிருக்கிறது.

தலைப்பகுதியைக் கழற்றி, சிலிண்டரின் குறுக்களவையும், பிஸ்டன் மேலிருந்து கீழே செல்லும் தூரத்தையும் அளந்தால் உண்மை வெளிப்பட்டுவிடும். 803 எஞ்சினில் குறுக்களவு ஏறத்தாழ 58 மில்லிமீற்றர். 948இல் ஏறத்தாழ 63. 1098இல் அறுபத்துநான்கரைக்குச் சற்று மேல். பிஸ்டன் செல்லும் தூரம் முதலிரண்டிலும் 76.2 மில்லிமீற்றர், 1098இலோ 83.7. இந்த ஏழரை மில்லிமீற்றர் வேறுபாட்டை எந்தத் தகட்டாலும் மறைக்க முடியாது. தலைப்பகுதியைக் கழற்ற இடங்கொடாத தரகரிடமிருந்து விலகிவிடுவதே நன்று.

திறந்த எஞ்சின் வேறு செய்திகளையும் சொல்லும். பிஸ்டனின் உச்சியில் 020 என்றோ 040 என்றோ பொறித்திருந்தால், சிலிண்டர் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்கு அல்லது 40 பங்கு ஏற்கெனவே கடைந்து அகலமாக்கப்பட்டது என்பது பொருள். ‘ஒருநாளும் திறக்கவில்லை’ என்ற பேச்சு அங்கேயே பொய்த்துவிடும். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணிற நுரை காணப்பட்டால் நீர் கலந்திருக்கிறதென்று அஞ்சுவர். ஹப்புத்தளை போன்ற பனிமூட்டமான இடத்தில் குறுகிய தூரமே ஓடும் வண்டியில் அது வெறும் ஈரமாகவும் இருக்கலாம். எண்ணெய் அளக்கும் கோலிலும் அதே நுரை இருந்தால்தான் கவலை.

மற்றொன்றும் கேட்டறிய வேண்டும். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோலின் விற்பனை 2002ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. இவ்வெஞ்சின்களின் புகை வால்வுகள் அமரும் இருப்பிடத்துக்கு அந்த ஈயமே காவலாயிருந்தது. அக்காவல் இன்றி நெடுநேரம் மலையேறினால், இருப்பிடம் தேய்ந்து வால்வு உள்ளே அமிழும். ஆகவே கடினமான உலோக வளையங்கள் பதிக்கப்பட்டனவா என்று பார்த்தல் அவசியம்.

மூன்றாம் சாட்சி பதிவுச் சான்றிதழ். அதில் எஞ்சின் இலக்கமும் எழுதப்பட்டிருக்கிறது. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்த வேண்டும். எந்த வண்டியிலிருந்து எஞ்சின் வந்தது என்பதற்கு அவ்வண்டியின் சான்றிதழ்ப் பிரதியும், விற்றவர் கையொப்பமிட்ட பற்றுச்சீட்டும் கையில் இருத்தல் நலம். இவையின்றி வாங்கினால், நாளை அது களவுப் பொருளென்று தெரியவரும்போது வாங்கியவரே பதில் சொல்ல நேரிடும்.

பெரியவரின் கதைக்கு வருவோம். பிஸ்டன் சென்ற தூரம் 76 மில்லிமீற்றரே. தகடு 1098, உலோகம் 948. “இந்தத் தகடு எந்த வண்டியினுடையது, தம்பி?” என்று அவர் கேட்க, தரகரிடம் விடையில்லை. அவர் சினங்கொள்ளவில்லை, பணப்பையை மடித்துக்கொண்டு பஸ் ஏறுகிறார்.

சில வாரங்களின் பின் வெலிமடையில், உடல் துருப்பிடித்து உடைக்கப்படும் மைனர் ஒன்றிலிருந்து 948 எஞ்சினை வாங்குகிறார். அதன் வளையங்கள் தேய்ந்தவை. நீல நிறப் புகையும் சற்று உண்டு. ஆனால் தகடும் உலோகமும் சான்றிதழும் ஒன்றையே சொல்கின்றன. அவருடைய பழைய கியர்ப் பெட்டிக்கும் கிளச்சுக்கும் அது மாற்றமின்றிப் பொருந்துகிறது. 1098 எஞ்சினாயின் கிளச்சுத் தட்டே ஆறேகால் அங்குலத்திலிருந்து ஏழேகால் அங்குலமாகப் பெரிதாகும். கியர்ப் பெட்டியையும் சேர்த்தே வாங்க நேர்ந்திருக்கும்.

தேய்ந்த வளையத்தை மாற்றிவிடலாம். அதற்கு ஆகும் செலவை முன்னரே கணக்கிடலாம். பொய்த் தகட்டுக்கு ஆகும் செலவை எவராலும் கணக்கிட முடியாது. வாழ்நாளெல்லாம் பிறருடைய கணக்கைச் சரிபார்த்த அந்தப் பெரியவர், தம்முடைய கணக்கையும் அன்று சரியாகவே பார்த்தார். அடுத்த மாதம் பதுளை ஆஸ்பத்திரிக்கு அவருடைய மைனர் மீண்டும் புறப்பட்டது.