எதை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது?



வீட்டுக் கம்ப்யூட்டரில் இடம் இல்லைன்னு வந்தா பயந்துபோய் கண்ணில் பட்டதையெல்லாம் அழிச்சிடாதீங்க. பரணைச் சுத்தம் பண்றப்போ வீட்டுப் பத்திரத்தைக் குப்பையில் போடுவோமா?

நாம் வைத்ததை மட்டுமே நாம் அழிக்கலாம். பார்த்து முடித்த சினிமா, இரண்டு தடவை ஏறிய போட்டோ போன்றவற்றை நீக்கலாம். 'விண்டோஸ்', 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டர்களைத் தொடவே கூடாது. கம்ப்யூட்டரே ஓடாமல் போகலாம்.

அழித்தவை 'ரீசைக்கிள் பின்' தொட்டியில் கிடக்கும். அதைக் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும். அதற்கு முன் உள்ளே ஒருமுறை பாருங்க. தவறி விழுந்ததை மீட்கலாம்.

குழுவின் சேமிப்பு, கடன் கணக்கு இருந்தால் முதலில் பென் டிரைவில் நகல் எடுங்க. பென் டிரைவில் அழித்தது தொட்டிக்கு வராது, கவனம்!

சந்தேகமா இருந்தா அழிக்காதீங்க, கேளுங்க. அந்தக் கணக்கில் இருப்பது நம்ம எல்லாரோட உழைப்பு.