மகள் சென்றபின் கற்ற எழுத்து



வளர்ந்த பிள்ளை வீட்டை விட்டுப் புறப்படுவது புதிய செய்தியன்று. சங்கச் செய்யுட்களில் ‘மகட் போக்கிய தாய்’ கூற்றாக அமைந்த பாடல்கள் பல உண்டு. மகளைப் பிரிந்த அன்று தாயின் நெஞ்சு பட்ட பாட்டை அப்புலவர்கள் நன்கு அறிந்திருந்தனர். ஆயினும், அந்தத் தாய் பின்வந்த நாட்களை எவ்வாறு கழித்தாள் என்னும் கேள்வி நம் உள்ளத்தில் எஞ்சி நிற்கிறது. அந்தப் பின்னாட்களைப் பற்றியே இன்று சில சொல்ல விழைகிறோம்.

நாங்கள் இருவரும் வாழ்வது பலமனேரில். சித்தூரிலிருந்து மொகிலி மலைப்பாதை ஏறிப் பெங்களூர் செல்வோர் இவ்வூரை அறிவர். இப்பக்கத்துக் கௌண்டின்ய நதி மலையிறங்கிக் குடியாத்தம் சென்று பாலாற்றில் கலக்கிறது. அந்நீர் இறங்கும் வழியே நாங்கள் ஏறி வந்தவர்கள். குடியாத்தத்துக் கைலிகளை விற்கும் சிறு கடையே எங்கள் பிழைப்பு. இருபத்திரண்டு ஆண்டுகளில் தெலுங்கு பேச நன்றாகப் பழகிவிட்டோம். தெலுங்கு எழுத்து மட்டும் கைவரவில்லை. அதற்குத் தேவையும் எழவில்லை. எங்கள் மகள் ஏழு வயதிலேயே எங்களுக்குக் கண்ணாக அமைந்துவிட்டாள்.

அவள் படித்தது தெலுங்குப் பள்ளியில். மின்கட்டணச் சீட்டு, பேருந்துப் பலகை, மருந்துச் சீசாவின் குறிப்பு, வரிக் கடிதம் யாவற்றையும் அவளே படித்துத் தமிழில் சொல்வாள். விளையாடப் போன குழந்தையைத் திரும்ப அழைத்து, அலுவலகத் தாளை நீட்டிய மாலைகள் எத்தனையோ! எங்களிடையே இருந்த பேச்சும் பெரும்பாலும் அவளைப் பற்றியதே.

அவள் திருப்பதியில், 1983-இல் நிறுவப்பெற்ற ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்திற்குப் படிக்கச் சென்றாள். பேருந்து கண்மறையும் வரை நின்றுவிட்டு வீடு திரும்பினோம். அன்றிரவு வழக்கம்போல் மூவருக்குச் சோறு வடித்தாயிற்று. ஒரு பிடியும் இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் ஓர் அறிவிப்புத் தாள் வந்தது. அதைக் கையிலேந்தி மூன்று வீடுகள் ஏறி இறங்கினோம். மூன்றாம் வீட்டுப் பெரியவர், “இத்தனை ஆண்டுகள் இங்கே இருக்கிறீர்களே!” என்று மட்டும் சொன்னார். அவர் குறை கூறவில்லை, வியந்தார். அவ்வியப்பு எங்களை உறங்கவிடவில்லை. நாங்கள் வருந்துவது மகள் பிரிந்ததற்கா, அல்லது அவள் செய்துவந்த பணி நின்றுபோனதற்கா? இரண்டிற்கும் என்பதே நேர்மையான விடை. ஒரு குழந்தையின் தோளில் எத்தனை சுமையை ஏற்றியிருந்தோம் என்பது அன்றுதான் விளங்கிற்று.

மறுநாள் ஒரு பலகையும் ஒன்றாம் வகுப்புத் தெலுங்குப் புத்தகமும் வாங்கினோம். எங்களுள் ஒருவருக்கு வயது 52, மற்றவருக்கு 47. அடுத்த வீட்டு நான்காம் வகுப்புச் சிறுவன் ஆசிரியனாக வாய்த்தான். தமிழில் ககரம் ஒன்றே. தெலுங்கில் அது நான்காக விரிகிறது. பல எழுத்துகளின் தலைமேல் ஒரு சிறு கீற்று உண்டு. அதன் பெயர் ‘தலகட்டு’. “தலகட்டு விட்டுப் போச்சு, பெத்தம்மா!” என்று அச்சிறுவன் திருத்தும்போது இருவரும் சேர்ந்து சிரிப்போம். அவ்வாறு சேர்ந்து சிரித்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

இரண்டு மாதம் கழித்து, பேருந்து நிலையத்தில் நின்றபடியே பலகை ஒன்றைப் படித்தோம். ஐந்து எழுத்துகள்: பலமனேரு. தமிழில் புள்ளி பெற்று முடியும் ரகரம் அங்கே உகரம் ஏறி நின்றது. இருபத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்த ஊரின் பெயரை அவ்வூர் எழுத்தில் முதன்முதலாகப் படித்தோம்.

இது பெரிய சாதனையன்று. கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மா 2018-இல், தம் 96-ஆம் வயதில், எழுத்தறிவுத் தேர்வெழுதி நூற்றுக்கு 98 மதிப்பெண் பெற்றார். 2020-இல் குடியரசுத் தலைவர் கையால் நாரி சக்தி விருதும் பெற்றார். 2023-இல் அவர் மறைந்தார். வயது முதிர்ந்தபின் தேர்வெழுதித் தேறிய தம் மகளைக் கண்டே அவருக்கு அந்த ஆர்வம் பிறந்ததென்பர். பிள்ளைகளிடமிருந்து பெற்றோர் கற்பதில் இழிவு யாதும் இல்லை.

எங்கள் கதைக்கு மறுபாதியும் உண்டு. மகள் தமிழ் பேசுவாள்; படிக்க அறியாள். நாங்கள் அவள் எழுத்தைக் கற்பது கேட்டு, அவளும் எங்கள் எழுத்தைக் கற்கத் தொடங்கினாள். தொலைபேசியில் நாள்தோறும் பேசுகிறாள். எனினும் ஒருநாள் அஞ்சலில் ஒரு கடிதம் வந்தது. ஒரே பக்கம், முழுவதும் தமிழ். ழகரம் வரவேண்டிய இடமெல்லாம் ளகரம் நின்றது. ‘தமிழ்’ என்பதே ‘தமிள்’ என்றிருந்தது. நாங்கள் அதைத் திருத்தவில்லை. தெலுங்கில் விடை எழுதினோம். எங்கள் பிழைகளை எண்ணி அவளும் சிரித்திருப்பாள்.

பெங்களூரிலோ, மும்பையிலோ, செகந்திராபாதிலோ வாழும் நேயர்களே! உங்கள் வீட்டிலும் ஒரு குழந்தை இன்று உங்களுக்காகப் பலகைகளைப் படித்துக்கொண்டிருக்கக்கூடும். அக்குழந்தை புறப்படும் நாள் வரை காத்திராதீர்கள். நீங்கள் வாழும் ஊரின் எழுத்தை நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் எழுத்தை அக்குழந்தைக்குக் கற்பியுங்கள். பிரியும் நாளில் துயரம் வரத்தான் செய்யும். அதை எவராலும் தடுக்க இயலாது. ஆனால் அதன் மறுநாள் கையில் ஒரு பலகை இருக்குமாயின், அந்த நாளும் நமக்குரிய நாளே ஆகும்.