ஒரு பச்சைக் குன்றும் உலகத்தின் மகிழ்ச்சியும்



உங்களுள் பலர் பிறப்பதற்கு முன்பே உலகெங்கும் பழகிப்போன ஒரு புகைப்படத்தைப் பற்றி இன்று பேச எண்ணுகிறேன். நீல வானம், அதில் பஞ்சுப் பொதிபோல் வெண்மேகங்கள், அதன்கீழ் மெல்ல வளைந்து எழும் ஒரு பச்சைக் குன்று. அவ்வளவே. மனிதர் இல்லை, வீடு இல்லை, ஆடுமாடு இல்லை. 2001-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் மைக்ரோசாப்ட் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த ‘விண்டோஸ் எக்ஸ்பி’ என்னும் கணிப்பொறி அமைப்பில், திரையைத் திறந்தவுடன் தோன்றிய காட்சி இதுவே. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘பிளிஸ்’. பேரின்பம் என்று அதனைத் தமிழில் சொல்லலாம். வீடுபேற்றைக் குறிக்க நம்மவர் வழங்கிய சொல் ஒரு புல்மேட்டுக்குச் சூட்டப்பட்டது சற்று மிகைதான். ஆயினும் கோடிக்கணக்கானவர்கள் அதனை மறுக்கவில்லை.

எந்த நாட்டினர் பார்த்தாலும், எம்மொழியினர் பார்த்தாலும், ‘இதுதான் மகிழ்ச்சி’ என்று ஒருமுகமாகச் சொல்லத்தக்க நிலக்காட்சி ஒன்று உண்டா? அதனை ஒரு காமிரா பிடித்துத் தர இயலுமா? இவ்வினாவை நான் ஏட்டிலிருந்து எடுக்கவில்லை. என் பெரியப்பா ஒருவர் எழுப்பிய ஐயம் அது.

மழை பொய்த்த ஓர் ஆண்டு. பயிர்க்கடனுக்குத் தவணை கேட்பதற்காக அவர் வங்கிக்குச் சென்றார். எழுதப் படிக்கத் துணையாக நானும் உடன் சென்றேன். எழுத்தர் எழுந்து சென்றுவிட, எங்கள் பக்கம் திரும்பியிருந்த திரையில் அந்தப் பச்சைக் குன்று மட்டும் நின்றது. எனக்கு அது கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. பெரியப்பா நெடுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, “நல்ல மண். இவ்வளவு ஈரம் இருந்தும் ஒன்றும் வைக்காமல் போட்டிருக்கிறார்களே! அந்தக் குடியானவனுக்கு என்ன கேடு வந்ததோ?” என்றார். நான் சிரித்தேன். அச்சிரிப்புக்காகப் பின்னாளில் வெட்கப்பட்டேன். எப்படியெனில், அப்படத்தின் வரலாற்றைப் படித்தபோது அவர் சொன்னதே மெய்யாக இருந்தது.

அந்தக் குன்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சொனோமா என்னும் பகுதியில் உள்ளது. திராட்சைக்குப் பெயர்போன நிலம் அது. ‘பில்லாக்சரா’ என்று ஒரு நுண்ணிய பூச்சி உண்டு. அசுவினி இனத்துக்கு உறவானது. திராட்சைக் கொடியின் வேரில் அமர்ந்து சாற்றை உறிஞ்சிக் கொடியையே மாய்த்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுத் தோட்டங்களை அழித்த பகை இதுவே. அப்பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்த்தண்டில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டித்தான் அன்று பிழைத்தார்கள். கலிபோர்னியர் நம்பி நட்ட ஒருவகை வேர்த்தண்டு, 1980-களில் அதே பூச்சிக்கு ஈடுகொடுக்க மாட்டாமல் தோற்றது. பல்லாயிரம் ஏக்கரில் கொடிகளைப் பிடுங்கி எறிய நேர்ந்தது. நம் குன்றும் அவ்வாறு கொடி இழந்து, புல் மண்டிக் கிடந்த நிலமே. உலகம் பேரின்பம் என்று கண்டது, ஒரு குடியானவனின் இழப்பின் மேல் முளைத்த புல்.

படம் எடுத்தவர் சார்லஸ் ஓரியர். ‘நேஷனல் ஜியாகிரபிக்’ இதழுக்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர். 1996-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், தாம் பின்னர் மணந்துகொண்ட பெண்மணியைக் காணக் காரில் சென்றுகொண்டிருந்தார். மழை பெய்து ஓய்ந்திருந்தது. அந்நாட்டில் குளிர்காலமே மழைக்காலம். கோடை வந்தால் அதே குன்றுகள் காய்ந்து பழுப்பேறிவிடும். எனவே அந்தப் பச்சை சில வாரங்களுக்கு மட்டுமே உரியது. அவர் வண்டியை நிறுத்தினார். மாமியா காமிராவைத் தாங்கியில் ஏற்றினார். சில படங்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் பயன்படுத்திய ‘வெல்வியா’ என்னும் பிலிம், நிறங்களை இயல்பினும் செறிவாகக் காட்டுவது. ஆகவே பச்சையின் அழுத்தத்தில் மழைக்கும் பங்குண்டு, பிலிமுக்கும் பங்குண்டு.

இவ்விடத்தில் நம் இலக்கியம் பயின்ற மாணவருக்கு ஒன்று நினைவுக்கு வரலாம். நிலத்துக்கும் உணர்வுக்கும் உள்ள தொடர்பைத் தொல்காப்பியர்போல் வரையறுத்துச் சொன்னவர் சிலரே. மழையில் தழைத்த புல்வெளியும் காடும் முல்லை. அதன் பொழுது கார்காலமும் மாலையும். அதன் உரிப்பொருள் இருத்தல். அதாவது, பிரிந்தவன் வருவான் என்று ஆற்றியிருத்தல். வினைமுடித்த தலைவன் ஈரநிலத்தில் தேரை விரைந்து செலுத்தி வருவதும் அத்திணையின் காட்சியே. ஓரியரின் காரை எண்ணிப் பாருங்கள்! தொல்காப்பியரை அறியாத ஒருவர், கலிபோர்னியாவில் முல்லையை வாழ்ந்திருக்கிறார். ஆனால் அவர் நெஞ்சில் இருந்த அந்த விரைவு படத்தில் இல்லை. தேரும் இல்லை, காத்திருப்பவளும் இல்லை. முல்லைப் பாட்டிலிருந்து மாந்தரை நீக்கிவிட்டு நிலத்தை மட்டும் வைத்தால் எவ்வளவு எஞ்சுமோ அவ்வளவே திரையில் எஞ்சியது. நம் புலவர் ஒரே பச்சையில் மகிழ்ச்சியோடு ஏக்கத்தையும் கண்டனர் என்பதை மறவாதீர்கள்.

‘அப்படியானால் எல்லோருக்கும் அது இனிப்பது ஏன்?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய கோமார், மெலாமிட் என்னும் ஓவியர் இருவர், 1990-களில் பல நாடுகளில் கருத்துக் கணிப்பு நடத்தி, மக்கள் மிக விரும்பும் ஓவியத்தைக் கேட்டறிந்தார்கள். பெரும்பாலான நாடுகளில் கிடைத்த விடை ஏறத்தாழ ஒன்றே: நீலம் மிகுந்த நிலக்காட்சி. மனித இனம் ஆப்பிரிக்கப் புல்வெளியில் தோன்றியதால் அந்த விருப்பம் நம் பிறவியிலேயே ஊறியது என்று ஒரு சாரார் கூறுவர். நாள்காட்டிப் படங்கள் உலகெங்கும் பரவி நம் கண்ணைப் பழக்கிவிட்டன என்று மற்றொரு சாரார் கூறுவர். இரண்டாவது கருத்தையே நான் பெரிதும் ஏற்கிறேன். எனினும் முதலாவதை முற்றிலும் தள்ளிவிடத் துணிவில்லை. வெயிலில் நடந்து வந்தவனுக்குப் பசுமை இதம் தரும் என்பதற்கு நாள்காட்டி வேண்டியதில்லை. ஆனால் இதம் வேறு, மகிழ்ச்சி வேறு. இளைப்பாறுதலைப் படம் எல்லோருக்கும் தந்துவிடலாம். யாருடைய மகிழ்ச்சி, எதனால் வந்த மகிழ்ச்சி என்று கேட்டால் அந்தக் குன்று வாய் திறவாது. உழைப்பின் சுவடே தெரியாத வயல், அலுவலகத்தில் அமர்ந்திருப்பவனுக்கு விடுமுறை, உழுபவனுக்கோ தரிசு. அப்படத்தின் பெயர்கூட எல்லா நாட்டுக்கும் செல்லவில்லை. டச்சு மொழிப் பதிப்பில் அதனை ‘அயர்லாந்து’ என்றே பெயரிட்டிருந்தார்கள்! ஒல்லாந்தரின் தட்டை நிலத்தில் குன்றுக்கு எங்கே போவது? பேரின்பம் அங்கே பக்கத்து நாடாகிவிட்டது.

2006-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டுக் கலைஞர் இருவர் அதே இடத்துக்குச் சென்று மீண்டும் படம் எடுத்தார்கள். குன்று இருந்தது, ஆனால் அது அந்தப் படத்துக் குன்றாக இல்லை. மறுபடியும் திராட்சை நட்டு, கொடிகள் வரிசை வரிசையாக நின்றன. முன்னைய படத்தின் அழகு இதற்கு இல்லை என்று பார்த்தவர் பலரும் சொல்லக்கூடும். எனக்கும் முதலில் அவ்வாறே தோன்றியது.

அப்படத்தைப் பெரியப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். முகம் மலர்ந்தது. வரிசைக்கு வரிசை எத்தனை அடி விட்டிருக்கிறார்கள் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.