யாழ்ப்பாணத்தின் காலைப் பத்திரிகை



யாழ்ப்பாணத்தில் பத்திரிகை கைக்கு வந்ததும் பலர் முதலில் புரட்டுவது மரண அறிவித்தல் பக்கத்தைத்தான். காலமானவர் யார், பிறந்த ஊர் எது, வாழ்ந்த ஊர் எது, பிள்ளைகள் லண்டனிலா ரொறன்ரோவிலா, தகனம் எந்த மயானத்தில், எத்தனை மணிக்கு? உறவெல்லாம் உலகெங்கும் சிதறிப்போன நகரத்துக்கு இந்த விவரம் தலைப்புச் செய்தியைவிடப் பெரிது.

கொழும்பு சுமார் 400 கிலோமீற்றர் தள்ளியிருக்கிறது. அங்கே அச்சாகும் பத்திரிகையில் யாழ்ப்பாணத்துக்குக் கிடைப்பது ஒரு மூலைதான். அந்தக் குறையைப் போக்க 1959இல் யாழ்ப்பாணத்திலேயே பிறந்தது ‘ஈழநாடு’. முதலில் வார இதழ், பிறகு நாளிதழ். ஊர்க் கோயில் திருவிழா, பாடசாலை விளையாட்டுப் போட்டி, புகையிலை விலை எல்லாம் அதில் செய்தியாயின. 1981இல் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிக்கப்பட்டபோது ஈழநாடு அலுவலகத்துக்கும் தீ வைத்தார்கள்.

1985இல் ‘உதயன்’ நாளிதழ் வந்தது. போர்க்காலத்தில் மின்சாரம் இல்லை, எரிபொருள் இல்லை, அச்சிடத் தாளும் இல்லை. கிடைத்த தாளில் அச்சடித்தார்கள்.

2006 மே 2ஆம் திகதி, உலகப் பத்திரிகைச் சுதந்திர தினத்துக்கு முதல் நாள் மாலை, ஆயுததாரிகள் உதயன் அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டார்கள். ஊழியர் இருவர் உயிரிழந்தனர். அந்த ஆண்டு அத்தினத்துக்கான யுனெஸ்கோ மாநாடு நடந்ததே கொழும்பில்தான். அலுவலகச் சுவரெல்லாம் குண்டு துளைத்திருந்தது. ஆனாலும் மறுநாள் காலை உதயன் வெளிவந்தது. ஆசிரியர் ம.வ.கானமயில்நாதன் அதன்பின் பல ஆண்டுகள் அலுவலகத்துக்குள்ளேயே தங்கியிருந்து பத்திரிகை நடத்தினார். 2021இல் அவர் காலமானார்.

அதே 2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மூடப்பட்டது. குடாநாட்டுக்குத் தரைவழி இல்லாமல் போனது. வேண்டிய பொருள் எல்லாம் கப்பலில் வரவேண்டியிருந்தது. கப்பல் வந்ததா, கூட்டுறவுச் சங்கக்கடையில் என்ன பங்கிடுகிறார்கள், ஊரடங்கு எந்நேரம் தளரும்? சனம் இதையெல்லாம் ஊர்ப் பத்திரிகையில்தான் தேடியது. தாள் தட்டுப்பாட்டால் பக்கங்கள் சுருங்கின. சுருங்கிய பத்திரிகையும் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் கைமாறிப் போனது.

போர் முடிந்த பிறகும் ஊர்ப் பத்திரிகையின் தேவை தீரவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் கிணற்றுநீரே பெரும்பாலும் குடிநீர். சுன்னாகம் மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது, எந்த ஒழுங்கையில், எந்தக் கிணற்றில் என்று கேட்டறிய ஊரைத் தெரிந்த நிருபர் வேண்டியிருந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. நிலத்தடி நீர் மாசுக்காக மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று 2019இல் தீர்ப்பு வந்தது.

இன்று மரணச் செய்தி கைபேசியில் நொடியில் பரவிவிடுகிறது. ஆனால் மாநகர சபைக் கூட்டத்தில் கடைசிவரை இருந்து, குடிநீருக்கு ஒதுக்கிய பணம் எங்கே போனது என்று கேட்டெழுதும் வேலையைக் கைபேசி செய்யாது. அதற்குச் சம்பளம் வாங்கும் நிருபர் ஒருவர் வேண்டும். அந்தச் சம்பளம் வாசகர் கொடுக்கும் காசிலிருந்தும் உள்ளூர்க் கடைகளின் விளம்பரத்திலிருந்துமே வரவேண்டும்.