இராஜிநாமாவும் இங்கிதமும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உத்தியோகம் தேடுவது எப்படி என்று பேசும்படி செயலாளர் நம்மைப் பணித்தார். அதைப் பற்றி இம்மேடையில் பலரும் பேசிவிட்டனர். உத்தியோகத்தை விடுவது எப்படி என்று பேசலாமா எனக் கேட்டோம். ஆண்டு விழாவில் அபசகுனமோ என ஒரு கணம் தயங்கிப் பின் இசைந்தார்.

நருமதைக் கரையிலுள்ள இந்த ஜபல்பூரில் நாம் வேரூன்றிய விதம் அனைவரும் அறிந்ததே. முன்னே வந்தவர் பின்னே வந்தவருக்குக் கைகொடுத்தார். தேர்வெழுதி இரயில்வேயில் நுழைந்தோர் போக, மற்றோரில் பலர், "நம்ம பக்கத்துப் பையன், நாணயமானவன்" என்னும் ஒரு சொல்லின் பலத்தில் அமர்ந்தவர்கள். ஆகவே ஒருவன் வேலையை விட்டுச் செல்லும் முறை அவனோடு முடிந்துவிடுவதில்லை.

சென்ற ஆண்டு நம் காலனிப் பிள்ளை ஒருவனுக்குப் பெங்களூரிலிருந்து, பத்து நாளில் வந்து சேரும்படி ஆணை வந்தது. இங்கே அவன் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கெழுதி வந்தான். நியமனக் கடிதத்தில் 30 நாள் முன்னறிவிப்பு என்று கண்டிருந்தது. சனிக்கிழமை சம்பளம் வாங்கினான், திங்கட்கிழமை வண்டியேறினான். அலமாரிச் சாவியும் அவன் சட்டைப் பையிலேயே பிரயாணம் செய்தது. பாட்டி காலமானார் என்று கைபேசியில் ஒரு வரி மட்டும் ஆபீசுக்கு அனுப்பினான். அந்தப் பாட்டியோ அன்று மாலை நம் வீட்டுக் கொலுவில் பாடிவிட்டுச் சுண்டலும் வாங்கிச் சென்றார். அவர் நூறாண்டு வாழ்க!

சிபாரிசு செய்த பெரியவரை முதலாளி அழைத்தார். இருபது வருஷப் பழக்கம் என்றும் பாராமல் நிற்கவைத்தே பேசினார்.

குறுகிய தவணையில் விலகுவது குற்றமன்று. தந்தைக்கு நோய் வரும். கணவருக்கு மாற்றல் வரும். நல்ல வேலை வரும்போது நாள் பார்த்து வராது. கெடுவதெல்லாம் ஒளிப்பதனால்தான். கடிதம் எழுதுமுன் மேலதிகாரியின் முன்னே சென்று நின்று, உள்ளதைச் சொல்ல வேண்டும். கடிதம் நாலு வரி போதும்: பதவி, விலகும் தேதி, தவணை குறைவதற்கு வருத்தம், நன்றி. ஐந்தாண்டுக் கால மனத்தாங்கலை அதில் கொட்ட வேண்டாம். அந்தக் காகிதம் கோப்பில் கிடக்கும், நம் கோபமோ ஒரு மாதத்தில் ஆறிவிடும். குறையும் நாட்களுக்குரிய சம்பளத்தைக் கட்டவோ, மிச்ச விடுப்பில் கழிக்கவோ விதியிருந்தால் நாமே முன்வந்து கேட்பது அழகு.

பொறுப்பை ஒப்படைப்பதற்கு நம் ஸ்டேஷன் மாஸ்டர்களைப் பாருங்கள். வேலை நேரம் முடிந்தது என்று அவர் எழுந்து போய்விட முடியுமா? எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்தச் செய்தி பாக்கி என்பதை டைரியில் எழுதி, வருகிறவர் படித்துக் கையெழுத்திட்ட பின்னரே வீடு திரும்புவார். நம் காலனியில் தட்டச்சு வேலை பார்த்த அம்மையார் ஒருவர் இதைச் செய்து காட்டினார். கணவருக்குக் குவஹாத்திக்கு மாற்றல். கைவசம் ஏழே நாள். இரவில் சமையல் முடித்து, எந்தக் கோப்பு எந்தத் தட்டில், யாருக்கு எந்தத் தேதியில் கடிதம் போகவேண்டும் என்று நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்துச் சென்றார். ஆபீசார் முன்னறிவிப்புப் பணம் கேட்கவில்லை. அந்த நோட்டு இன்னும் அங்கே புழங்குகிறதாம்.

நம் இரயில்வே சரித்திரத்தில் பெரிய இராஜிநாமா 1956-இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு மகபூப்நகர் அருகே நேர்ந்த விபத்துக்காக மந்திரி லால் பகதூர் சாஸ்திரி விலக முன்வந்தார், நேரு இசையவில்லை. நவம்பர் 23-ஆம் நாள் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி வண்டி வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபோது மீண்டும் விலகல் கொடுத்தார், இம்முறை ஏற்கப்பட்டது. மறு ஆண்டே மீண்டும் மந்திரியானார். 1964-இல் பிரதமரே ஆனார்.

அரசாங்க ஊழியர்களுக்கு ஒரு சொல். கடிதம் கொடுத்த மாத்திரத்தில் விலகியவராக மாட்டோம். அதை ஏற்று, விடுவிக்கும் ஆணை வரவேண்டும். வெறுமனே இராஜிநாமா செய்தால் அதுவரை ஆற்றிய சேவையும் கணக்கிலிருந்து கழிந்துபோகும். மற்றோர் அரசுப் பணிக்குச் செல்வோர் உரிய வழியில் அனுமதி பெற்று விண்ணப்பித்து, அதன்பொருட்டே விலகுவதாக எழுதினால் முன்சேவை நிற்கும். படித்த பிள்ளைகளே இதில் இடறுகிறார்கள்.

பெங்களூர் சென்ற பிள்ளை என்னவானான்? அங்கே விடுவிப்புச் சான்று கேட்டார்கள். மூன்றாம் வாரம் திரும்பி வந்தான். அவனை அழைத்துக்கொண்டு நாமும் அந்தப் பெரியவரும் கம்பெனிக்குச் சென்றோம். சாவியை மேஜைமேல் வைத்து, பாட்டி விஷயம் பொய் என்று அவனே சொன்னான். இரண்டு நாள் இருந்து கணக்கை முடித்துக் கொடுத்தான். குறைந்த நாட்களுக்குப் பணமும் கட்டினான். முதலாளி சான்று கொடுத்தார். காப்பி கொடுக்கவில்லை.

அந்தப் பெரியவர் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். இவ்வாண்டு நம் பிள்ளைகள் இருவர் அதே கம்பெனிக்குச் சிபாரிசு வேண்டி அவரிடம் சென்றுள்ளனர். அவர் இன்னும் விடை சொல்லவில்லை.