பந்தி பாதியில் கரண்டியை வைத்துவிட்டுப் போனவர்

(பாட்காஸ்ட் பேச்சின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

போன மாசம் நம்ம நிகழ்ச்சியைக் கேட்கிற ஒருத்தர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அவர் பொண்ணு அமெரிக்காவுல படிக்குது. "காலேஜ் ஃபுட்பால் கோச் வேற காலேஜுக்குப் போயிட்டாராம். ஹாஸ்டல்ல பாதிப்பேர் அழறாங்கன்னு போன்ல சொல்றா. ஒரு பி.டி. வாத்தியார் வேலை மாறினதுக்கா சார் இவ்வளவு கூத்து?" அவர் கேட்டது நியாயமான கேள்விதான். இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இது மெஸ்ஸி ஆடுற ஃபுட்பால் இல்லை. தலைக்கவசம் மாட்டிக்கிட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கிட்டு ஓடுற அமெரிக்க ஃபுட்பால். ஆட்டத்தோட விதிகள் இன்னைக்கு நமக்குத் தேவைப்படாது. அந்தப் 'பி.டி. வாத்தியார்' யாருன்னு தெரிஞ்சா போதும். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குறவங்கள்ல முதல் இடம் கவர்னருக்கு இல்லை. மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அல்லது கூடைப்பந்து பயிற்சியாளருக்குத்தான்.

இப்போ 2025 நவம்பருக்குப் போவோம். மிசிசிப்பி மாநிலத்துல ஆக்ஸ்ஃபோர்டுன்னு ஒரு சின்ன ஊர். மிசிசிப்பி பல்கலைக்கழகம் அங்கதான் இருக்கு. எல்லாரும் 'ஓல் மிஸ்'னுதான் கூப்பிடுவாங்க. அந்த வருஷம் 12 ஆட்டத்துல 11 ஜெயிச்சாங்க. 12 அணிகள் மோதுற தேசிய ப்ளேஆஃப்புக்கு முதல் தடவையா போகப்போறாங்க. நவம்பர் 28, வெள்ளிக்கிழமை, பரம எதிரியான மிசிசிப்பி ஸ்டேட்டையும் அடிச்சாச்சு. ஊரே கொண்டாட்டத்துல இருக்கு. ஞாயிற்றுக்கிழமை தலைமைப் பயிற்சியாளர் லேன் கிஃபின் கிளம்பிட்டார். போனது லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு, அதாவது எல்எஸ்யூவுக்கு. அதே லீக்ல ஆடுற போட்டி அணி.

இலை போட்டாச்சு, சோறும் வந்தாச்சு, சாம்பார் வாளியோட நின்னவர் கரண்டியை வெச்சிட்டு எதிர்வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிட்டார். அந்த மாதிரிதான்.

ப்ளேஆஃப் முடியுற வரைக்கும் இருந்து நடத்திக் கொடுத்துட்டுப் போறேன்னு கிஃபின் கேட்டார். விளையாட்டுத் துறை இயக்குநர் கீத் கார்ட்டர் முடியாதுன்னுட்டார். தற்காப்பு ஆட்டத்தைக் கவனிச்சுக்கிட்டிருந்த பீட் கோல்டிங்கையே தலைமைப் பயிற்சியாளராக்கிட்டாங்க.

ஏன் போனார்? பணம்னு சொல்லிட்டு நகர்ந்துடலாம். எல்எஸ்யூ கொடுத்தது ஏழு வருஷ ஒப்பந்தம், வருஷத்துக்கு ஏறக்குறைய 1.3 கோடி டாலர். ஆனா ஓல் மிஸ்ல அவர் வாங்கிக்கிட்டிருந்ததும் 90 லட்சம் டாலர் அளவு. அந்த உயரத்துல இருக்கிறவர் சம்பளத்துக்காக மட்டும் ஊர் மாறுவார்னு எனக்குத் தோணலை. எல்எஸ்யூவோட சரித்திரத்தைப் பாருங்க. நிக் சேபன், லெஸ் மைல்ஸ், எட் ஓர்ஜரான்னு அடுத்தடுத்து வந்த மூணு பயிற்சியாளர்களும் அங்கே தேசியப் பட்டம் ஜெயிச்சவங்க. லூசியானாவுல ஃபுட்பால் திறமை கொட்டிக் கிடக்கு. அந்தப் பசங்களை அள்ளிக்க மாநிலத்துக்குள்ள பெரிய லீக் அணி அது ஒண்ணுதான். மிசிசிப்பியிலோ, இருக்கிற பசங்களை ரெண்டு அணி பங்கு போட்டுக்கணும். ஒரு பயிற்சியாளர் கண்ணுக்கு இது வெறும் சம்பள வித்தியாசம் இல்லை, நிலத்துக்கும் நிலத்துக்கும் உள்ள வித்தியாசம்.

சரி, போகட்டும். ஏன் அந்த ஞாயிற்றுக்கிழமை? இங்கதான் எனக்கு மனுஷங்க மேல இருந்த கோபம் கொஞ்சம் காலண்டர் மேல திரும்புச்சு.

பள்ளிக்கூடம் முடிக்கப்போற பசங்க எந்தக் கல்லூரிக்கு ஆடப்போறோம்னு கையெழுத்துப் போடுற நாள் டிசம்பர் 3. கிஃபின் கிளம்பினது நவம்பர் 30. நடுவுல மூணே நாள். ப்ளேஆஃப் முதல் சுற்று டிசம்பர் 19, 20ல. ஏற்கெனவே கல்லூரியில் ஆடிக்கிட்டிருக்கிற பசங்க வேற இடத்துக்கு மாற 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' திறக்கிறது ஜனவரி 2. ப்ளேஆஃப் இறுதிப் போட்டியோ அதுக்கும் அப்புறம். ஆக, புது ஆள் வேணும்கிற கல்லூரி ஜனவரி கடைசி வரைக்கும் காத்திருந்தா கையெழுத்தும் போச்சு, போர்ட்டலும் போச்சு. தொழில்முறை லீகான என்எஃப்எல்ல, ஆடிக்கிட்டிருக்கிற அணியோட உதவிப் பயிற்சியாளரை இன்னொரு அணி தலைமைப் பதவிக்குத் தேர்ந்தெடுத்தாலும், அவர் அணியோட பருவம் முடியுற வரைக்கும் கூட்டிட்டுப் போக முடியாது. கல்லூரி ஆட்டத்துல அப்படிக் கட்டுப்படுத்த ஆளே இல்லை. பணம் மட்டும் தொழில்முறை லீக் அளவுக்கு வந்துடுச்சு, வேலி வரலை.

ஆனா, காலண்டர் மேல எல்லாப் பழியையும் போடவும் முடியாது. டிசம்பர் 20ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டுல நடந்த ப்ளேஆஃப் ஆட்டத்துல ஓல் மிஸ்ஸுக்கு எதிரா வந்தது டுலேன் பல்கலைக்கழகம். டுலேனோட பயிற்சியாளர் ஜான் சம்ரல், அதே நவம்பர் 30ஆம் தேதி ஃப்ளோரிடா பல்கலைக்கழக வேலையை ஒத்துக்கிட்டவர். அவரை அங்கே இருக்கச் சொன்னாங்க. அன்னைக்கு அவர் டுலேன் பக்கம் நின்னு ஆட்டத்தை நடத்தினார். அதே மைதானத்துல, எதிர்ப்பக்கம், கிஃபின் இல்லை.

ஒருத்தருக்குச் சரின்னது இன்னொருத்தருக்கு எப்படித் தப்பாச்சு? ஃப்ளோரிடா, டுலேன் ஆடுற லீக்ல இல்லை. எல்எஸ்யூவும் ஓல் மிஸ்ஸும் ஒரே லீக்ல முட்டிக்கிறவங்க. போட்டிக் கடைக்கு வேலைக்குப் போகப்போறவர் கையில இன்னும் மூணு வாரம் கல்லாச் சாவியைக் கொடுப்பாங்களா? உள்ள இருக்கிற பசங்ககிட்ட தினமும் பேசுறவர், போர்ட்டல் திறந்ததும் அவங்களையும் கூட்டிட்டுப் போயிட்டா? கார்ட்டர் இடத்துல நான் இருந்திருந்தாலும் அதையேதான் செஞ்சிருப்பேன்னு நினைக்கிறேன்.

எல்எஸ்யூவுல ஏன் இடம் காலியாச்சுங்கறதையும் பார்க்கணும். 2021ல, இதே நவம்பர் கடைசியில, அவங்க பிரையன் கெல்லிங்கறவரை நோட்ரடாம் பல்கலைக்கழகத்துலேர்ந்து கொண்டுவந்தாங்க. நோட்ரடாமோட சரித்திரத்துலயே அதிக வெற்றி கண்டவர். அப்பவும் அந்த அணி 12க்கு 11 ஜெயிச்சிருந்தது. ப்ளேஆஃப் அணிகளை அறிவிக்கவே இல்லை, வாய்ப்பு மிச்சம் இருந்தது. ராத்திரி செய்தி கசிஞ்சுது, பசங்களுக்குக் குறுஞ்செய்தி போச்சு, மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு சின்ன கூட்டம், அவ்வளவுதான். பத்து வருஷத்துக்கு 9.5 கோடி டாலர் ஒப்பந்தம். பட்டம் ஜெயிக்கணும்னு வந்தவர். நாலாவது பருவத்துல, 2025 அக்டோபர்ல, டெக்சஸ் ஏ அண்ட் எம் அணிகிட்ட 25க்கு 49ன்னு தோத்த மறுநாளே அனுப்பிட்டாங்க. அவர் விட்டுட்டுப் போன நோட்ரடாமோ, அவருக்குக் கீழ வேலை பார்த்த மார்கஸ் ஃப்ரீமன் தலைமையில 2024 பருவத்தோட தேசிய இறுதிப் போட்டி வரைக்கும் போயிட்டு வந்துடுச்சு.

அனுப்பினா சும்மா அனுப்ப முடியாது. ஒப்பந்தத்துல மிச்சம் இருக்கிற வருஷத்துக்குப் பணம் கொடுக்கணும். இதைத்தான் 'பைஅவுட்'னு சொல்றாங்க. கெல்லிக்கு அது சுமார் 5.4 கோடி டாலர். 2023ல டெக்சஸ் ஏ அண்ட் எம், ஜிம்போ ஃபிஷரை அனுப்பினப்போ கிட்டத்தட்ட 7.6 கோடி. வேலை செய்யாம இருக்கறதுக்கு! இதுல ஒரு சின்ன கிளைக்கதையும் இருக்கு. 2025 அக்டோபர்ல பென் ஸ்டேட், ஜேம்ஸ் ஃப்ராங்க்ளினை அனுப்பினப்போ கணக்கு 4.9 கோடி அளவுக்கு வந்தது. அடுத்த மாசமே அவர் வர்ஜீனியா டெக்ல சேர்ந்துட்டார். புது வேலை கிடைச்சா பழைய பாக்கி குறையும். பென் ஸ்டேட் 90 லட்சத்தோட தப்பிச்சுது.

பயிற்சியாளர் பக்கம் இருந்து பாருங்க. 11 ஜெயிச்ச வருஷத்துலதான் அவருக்கு விலை. அடுத்த வருஷம் ஆறு தோத்தா, இன்னைக்குக் கட்டிப்பிடிக்கிற அதே ஊர்தான் வீட்டு வாசல்ல 'விற்பனைக்கு'ன்னு பலகை நட்டு வைக்கும். விசுவாசம்னு ரெண்டு பக்கமும் பேசுறாங்க. ரெண்டு பக்கமும் வக்கீலை வெச்சுக்கிட்டுத்தான் பேசுறாங்க.

வக்கீல் இல்லாதவங்க உண்டு. உதவிப் பயிற்சியாளர்கள். தலைமை மாறினா பாதிப்பேருக்கு வேலை போகும். பிள்ளைங்களோட பள்ளிக்கூடம், வாடகை வீடு, எல்லாம் நடு வருஷத்துல மாறும். அப்புறம் பசங்க. 17 வயசுப் பையன் வீட்டுக்கு வந்து, அவங்க அம்மா கொடுத்ததைச் சாப்பிட்டு, "உங்க பையனை நான் பார்த்துக்கறேம்மா"ன்னு சொல்லிட்டுப் போனவர்தானே அந்தப் பயிற்சியாளர். 2021 வரைக்கும், அவர் போனாலும் அந்தப் பையன் பெரும்பாலும் கூடப் போக முடியாது. போனா ஒரு வருஷம் ஆடாம உட்காரணும். பயிற்சியாளர் மட்டும் மறுநாளே புது தொப்பியோட படம் எடுத்துக்குவார். இப்போ அந்தத் தடை இல்லை. "இந்தக் காலத்துப் பசங்க காசைப் பார்த்தா ஓடறாங்க"ன்னு சில பயிற்சியாளர்களே சலிச்சுக்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வரும். யாரைப் பார்த்துக் கத்துக்கிட்டாங்க?

ஒரு ஆள் நகர்ந்தா எத்தனை ஊர் ஆடும்னு 2024 ஜனவரியில பார்த்தோம். அலபாமாவுல நிக் சேபன் ஓய்வு பெற்றார். ரெண்டே நாள்ல வாஷிங்டனோட கேலன் டிபோர் அங்கே. வாஷிங்டனுக்கு அரிசோனாவோட ஜெட் ஃபிஷ். அரிசோனாவுக்கு சான் ஹோசே ஸ்டேட்டோட பிரென்ட் பிரென்னன். ஒரு பெரியவர் ஓய்வெடுத்ததுக்கு, ரெண்டாயிரம் மைல் தள்ளிக் கலிஃபோர்னியாவுல ஒரு அணி ஆள் தேடுது.

அந்தப் பொண்ணோட அப்பாவுக்கு இதுல பதில் கிடைச்சிருக்கும்னு நம்பறேன். ஓல் மிஸ் என்னாச்சுன்னு கேட்பீங்க. டுலேனை ஜெயிச்சாங்க. அடுத்து ஜார்ஜியாவையும் ஜெயிச்சாங்க. அரையிறுதியில மயாமிகிட்ட தோத்தாங்க. அந்த ஆட்டங்கள்ல தாக்குதல் ஆட்டத்தை வகுத்துக் கொடுத்தவர் சார்லி வைஸ் ஜூனியர். கிஃபினோட எல்எஸ்யூவுக்குப் போறதா முடிவாகியிருந்தவர். ப்ளேஆஃப்புக்காக மட்டும் திரும்பி வந்து, பசங்களோட நின்னு ஆடவெச்சுட்டுப் போனார்.

அடுத்த பகுதியில சந்திப்போம். கேள்வி இருந்தா அனுப்புங்க.