நீரடியில் ஓர் ஊர்



மழை பொய்த்து நீர்மட்டம் தாழும் காலங்களில், மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தின் அடியிலிருந்து ஓர் ஊர் தலைகாட்டுகின்றது. இந்துக் கோயில், பௌத்த விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் சிதைவுகள் சேற்றினிடையே புலப்படுகின்றன. அதுவே பழைய மஸ்கெலியா.

இலங்கையின் மத்திய மலைநாட்டில், அட்டனுக்குத் தெற்கே அமைந்தது இவ்வூர். மேற்கே 2,243 மீற்றர் உயர்ந்து நிற்பது சிவனொளிபாதமலை. பௌத்தர் அதனை ஸ்ரீபாத என்பர்; இஸ்லாமியர் ஆதம் மலை என்பர். மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசி விசாகம் வரை, யாத்திரிகர் மஸ்கெலியா வழியே நல்லதண்ணியை அடைந்து மலையேறுவர்.

இம்மலைச் சரிவுகளில் முதலில் பயிரானது கோப்பி. 1869ஆம் ஆண்டில் இலங்கையில் தோன்றிய இலைநோய் அப்பயிரை அழிக்கவே, அதனிடத்தைத் தேயிலை பெற்றது. காடழித்துத் தோட்டம் சமைத்தோர், தமிழகத்திலிருந்து வந்த உழைப்பாளிகளே. மாரியம்மன் வழிபாட்டையும் காமன் கூத்தையும் அவர்கள் உடன் கொணர்ந்தனர். மாசி மாதத்தில் தோட்டங்களில் தப்பொலி எழுவது அந்த மரபின் தொடர்ச்சியாகும்.

மலையிலிருந்து இறங்கும் மஸ்கெலி ஓயா, கெகெல்கமு ஓயாவுடன் கூடிக் களனி கங்கையாகின்றது. மலையருவிகளைக் கொண்டு மின்சாரம் ஆக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். அந்நெறியில் மஸ்கெலி ஓயாவுக்கும் அணை எழுந்தது. 1969இல் நீர் நிரம்பிற்று, கடைவீதி மூழ்கிற்று, மேட்டு நிலத்தில் புதிய நகரம் உருவாயிற்று. இன்று அத்தேக்கத்து நீர் கெனியன், புதிய லக்சபான, பொல்பிட்டிய ஆகிய மூன்று மின்நிலையங்களில் அடுத்தடுத்துப் பொறிகளைச் சுழற்றுகின்றது. பின்னர் களனியோடு சென்று கொழும்பு மக்களின் தாகமும் தீர்க்கின்றது.

ஆயின், நாடு பெற்ற ஒளிக்கு ஓர் ஊர் தன் வீதிகளையே விலையாகத் தந்தது என்பதை நினைப்பவர் எத்தனை பேர்? அவ்வீதிகளில் நடந்தவர்கள் இன்று முதியோராகிவிட்டனர். எந்தக் கடை எங்கிருந்தது, தேர் எவ்வழி வந்தது என்பதெல்லாம் அவர்தம் நினைவிலேயே தங்கியுள்ளன. நீர் வற்றினால் சுவர்கள் வெளிப்படும். அச்சுவர்களின் கதை தானாக வெளிப்படாது. தோட்டத்துப் பள்ளிச் சிறுவர்கள் தம் பாட்டன் பாட்டியரிடம் கேட்டு, பழைய ஊரின் படமொன்றை இன்றே வரைந்து வைப்பார்களாயின், அதுவே மஸ்கெலியாவுக்குச் செய்யும் நற்பணியாகும்.